23 ஆசைகள், 4 டிக்: அந்தப் பழைய டைரியை என்ன செய்வது?

வாசகி கேள்வி:

டாக்டர், எனக்கு 62 வயது. திருச்சியில் இருக்கிறேன். அரசுப் பள்ளியில் கணித ஆசிரியையாக இருந்து 2023-ல் ஓய்வு பெற்றேன். 2016-ல், கூட வேலை பார்த்த டீச்சர் ஒருவர் திடீரென்று இறந்துபோனார். மனது ஆறாமல், ஒரு டைரியின் கடைசிப் பக்கங்களில் ‘ரிட்டயர் ஆனபிறகு’ என்று தலைப்புப் போட்டு 23 ஆசைகளை எழுதி வைத்தேன். இந்தப் போகிக்கு அலமாரியை ஒழிக்கும்போது அந்த டைரி கையில் கிடைத்தது. நாலே நாலுக்குத்தான் டிக் இருக்கிறது. அடுத்த மகாமகத்துக்கு அம்மாவைக் கூட்டிப் போக வேண்டும் என்று எழுதியிருக்கிறேன்; அம்மா 2021-ல் போய்விட்டார். கயிலாய யாத்திரை என்று இருக்கிறது. இப்போது அந்த ஆசையே இல்லை, அதை வாய்விட்டுச் சொல்லவும் பயமாக இருக்கிறது. வீணை, ஸ்கூட்டர், குறிஞ்சிப் பூ, பாளையங்கோட்டைத் தோழி, தனியாக ஒரு வாரம் எங்காவது என்று இன்னும் நிறைய இருக்கிறது. அம்மா வீட்டில் கிடந்த வீணையை எடுத்துவந்து இரண்டு வருடம் ஆகிறது, தொடவில்லை. கடைசியாக, 23-வது: ‘யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது.’ கணவர் பார்த்துவிட்டு, “இனிமே எதுக்கு இதெல்லாம்” என்றார். மகளும் மருமகனும் வேலைக்குப் போவதால் பேரனைப் பகல் முழுக்க நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறேன், முட்டி வலி உண்டு. பென்ஷன் வருகிறது, ஆனால் எனக்கென்று செலவு செய்யக் கை வரவில்லை. அந்த டைரியைக் கிழித்துப் போட்டுவிடலாமா? இல்லை, இந்த வயதில் புதிதாக ஒன்று எழுதலாமா?

பெயர் வேண்டாம், திருச்சி.

அன்புள்ள டீச்சர்,

நல்லவேளை, டைரியைப் போகியில் போடாமல் எனக்குக் கடிதம் எழுதினீர்கள். அதைக் கிழிக்க வேண்டாம். புதிதாகவும் ஒன்று எழுதுங்கள். பழையதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

முதியோர் நல மருத்துவனாக என்னிடம் வருகிறவர்களிடம் சுகர், பிரஷர் எல்லாம் பார்த்து முடித்தபிறகு நான் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: “என்ன செய்யணும்னு ஆசை?” பத்தில் எட்டுப் பேர் ஒரே பதில்தான் சொல்வார்கள். “ஒண்ணுமில்ல டாக்டர், போற வரைக்கும் கை கால் நல்லா இருந்தா போதும்.” சரி, கை கால் நல்லாயிருந்தால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள் என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். உங்களிடம் அந்தக் கேள்விக்கு 23 பதில் இருக்கிறது. ஒன்பது வருடம் பழையது என்றாலும் அது பெரிய சொத்து.

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். டிக் போட்ட அந்த நாலு என்னென்ன என்று நீங்கள் எழுதவே இல்லை. மிச்சமிருக்கும் பத்தொன்பதைப் பற்றித்தான் வருத்தம் முழுவதும். முப்பது வருடம் விடைத்தாள் திருத்திய கை, தப்பைத்தான் முதலில் வட்டம் போடும். அந்த நாலை எடுத்து ஒரு தாளில் தனியாக எழுதுங்கள். எந்த வருடம், யாரோடு, எப்படி நடந்தது என்று இரண்டிரண்டு வரி போதும். வேலை, மாமியார் மாமனார், மகள் கல்யாணம், அம்மாவின் கடைசிக் காலம், நடுவில் கொரோனா, இத்தனைக்கும் நடுவில் நாலு நடந்திருக்கிறது. அது எப்படி நடந்தது என்று பார்த்தாலே அடுத்ததை எப்படி நடத்துவது என்பதற்கு வழி தெரியும். என் அனுபவத்தில், நடந்த ஆசைகளுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு தேதி இருக்கும், கூட ஒரு ஆள் இருப்பார்.

இப்போது கயிலாயம். அந்த ஆசை போய்விட்டதைச் சாமி குற்றம்போல் எழுதியிருக்கிறீர்கள். அப்படி நினைக்க வேண்டாம். 53 வயதில் இருந்த ஆசை 62-ல் மாறுவது இயற்கை. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் லாரா கார்ஸ்டென்சன் இதைப் பல வருடங்கள் ஆராய்ந்தவர். முன்னால் நிறையக் காலம் இருக்கிறது என்று நினைக்கும்போது மனிதர்கள் புது இடம், புது ஆள், புது அனுபவம் என்று தேடுகிறார்கள். காலம் அளவாகத்தான் இருக்கிறது என்று உணரும்போது, மனதுக்கு நெருக்கமானவர்கள் பக்கமும் மனதுக்கு நிறைவு தரும் காரியங்கள் பக்கமும் திரும்பிவிடுகிறார்கள். இதற்கும் சோர்வுக்கும் சம்பந்தமில்லை. எது முக்கியம் என்று மனது தானாகவே பிரித்து எடுக்கிறது, அவ்வளவுதான். உங்கள் பட்டியலில் கயிலாயம் மங்கிப்போய், பாளையங்கோட்டைத் தோழி மங்காமல் இருக்கிறார் பாருங்கள்.

ஆனால் கயிலாயத்தை அடிப்பதற்கு முன்னால் ஒரு நிமிடம். நம் வெளியுறவு அமைச்சகம் நடத்தும் யாத்திரை 2020-லிருந்து நின்றிருந்து, 2025-ல் மறுபடி தொடங்கியிருக்கிறது. அதற்கு 70 வயதுதான் மேல் வரம்பு. உடல் எடைக் குறியீடு 25-க்குள் இருக்க வேண்டும். மலையைச் சுற்றிவரும் பரிக்கிரமாவில் கடக்க வேண்டிய டோல்மா லா கணவாய் 5,600 மீட்டருக்கு மேல் உயரம். பிரஷரும் முட்டி வலியும் உள்ள ஒருவர் அங்கே போக வேண்டுமென்றால் இன்றைக்கே தயாராகத் தொடங்க வேண்டும், அதுவும் இதய மருத்துவர் சரி என்று சொன்னால்தான். அந்தப் பாடு படுகிற அளவுக்கு ஆசை இருக்கிறதா என்று உங்களையே கேளுங்கள். இல்லையென்றால் நிம்மதியாக ஒரு கோடு போடுங்கள். ஒற்றைக் கோடு, கீழே எழுத்து தெரிய வேண்டும். பக்கத்தில் வருடத்தைப் போட்டு, ‘விட்டேன்’ என்று எழுதுங்கள். கிறுக்கி அழிக்காதீர்கள். ஒரு காலத்தில் நீங்கள் அவ்வளவு உயரத்துக்கு ஆசைப்பட்டிருக்கிறீர்கள் என்பதும் உங்கள் கதையில் சேர்த்திதான்.

கோடு போடும்போது ஒன்று கேட்டுப் பாருங்கள்: அன்றைக்கு அந்த வரியை எழுதும்போது உண்மையில் எதைக் கேட்டேன்? சிலருக்குக் கயிலாயம் என்றால் சிவன். சிலருக்கு, ஒரு மாதம் யாரும் “அம்மா, டிபன் பாக்ஸ் எங்கே” என்று கூப்பிடாத இடம். இரண்டாவதுதான் உங்களுடையது என்றால் அந்த ஆசை இன்னும் உங்கள் பட்டியலிலேயே வேறு வரியில் இருக்கிறது: ‘தனியாக ஒரு வாரம்.’

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என்னிடம் சிகிச்சைக்கு வந்த ஒரு பெரியவர். லால்குடிப் பக்கம், 79 வயது. பக்கவாதம் வந்து இடது பக்கம் பலம் குறைந்திருந்தது. “கொள்ளிடத்துல ஒரு தடவ நீந்தணும் டாக்டர்” என்றார். மகன் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார், பேச்சை மாற்றச் சொல்லி. நான் பெரியவரிடம், நீச்சலில் உங்களுக்கு எது அவ்வளவு பிடிக்கும் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். “தண்ணிக்குள்ள கால வச்சதும் மணல் அடியில நழுவும் பாருங்க, அது” என்றார். நீச்சலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இரண்டு மாதம் கழித்து, தண்ணீர் குறைவாக ஓடிய ஒரு நாளில், பிள்ளைகள் இரண்டு பேரும் அவரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிக் கொண்டுபோய்க் கரை ஓரமாகக் கணுக்கால் அளவுத் தண்ணீரில் உட்கார வைத்திருக்கிறார்கள். மகன் வீடியோ அனுப்பினார். வேட்டியைத் தொடை வரைக்கும் சுருட்டியிருக்கிறார். நாற்காலியின் ஒரு கால் மணலில் புதைந்து சாய்கிறது, இரண்டு பக்கமும் மகன்கள் பிடிக்கிறார்கள், அவர் விடு விடு என்று கையை உதறிவிட்டுக் காலையே பார்த்துக்கொண்டிருக்கிறார். இரண்டு நிமிட வீடியோதான்.

அதனால் மிச்சமிருக்கும் ஒவ்வொரு ஆசையையும் பிரித்துப் பாருங்கள். அதற்குள்ளே மணல் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள்.

அப்புறம், வரிசை. எல்லோரும் எது முக்கியமோ அதை முதலில் போடுவார்கள். நான் அப்படிப் போட வேண்டாம் என்பேன். எது முதலில் கை நழுவிப் போகுமோ அதை முதலில் போடுங்கள். ஆசைகளில் கால் பலத்தைக் கேட்கிற ஆசை உண்டு, ஆளைக் கேட்கிற ஆசை உண்டு, தேதியைக் கேட்கிற ஆசை உண்டு. இந்த மூன்றும் காத்திருக்காது. புத்தகம் படிப்பது, ஊறுகாய் போடக் கற்பது, பழைய போட்டோக்களை ஒழுங்குபடுத்துவது எல்லாம் 75-லும் நடக்கும்.

மூன்றில் ஆள்தான் முதல். இதை என் சொந்த வருத்தத்திலிருந்து சொல்கிறேன். என் அம்மா தூத்துக்குடியில் இருந்த பெரியம்மாவைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் கூட்டிப் போகிறேன் என்றேன். பொங்கல் முடியட்டும் என்றேன், பரீட்சை முடியட்டும் என்றேன், வெயில் தணியட்டும் என்றேன். பெரியம்மா இறந்த செய்தி வந்துதான் காரை எடுத்தேன். வழியெல்லாம் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. கோவில்பட்டி தாண்டும்போது மட்டும், “அவளுக்குக் கடலை மிட்டாய் பிடிக்கும்” என்றார். அன்றிலிருந்து நோயாளிகளின் பட்டியலில் ஒரு மனிதரின் பெயரைப் பார்த்தால், அதைத் தூக்கி முதல் வரியில் போடச் சொல்லிவிடுகிறேன். உங்கள் பட்டியலில் யார் யார் பெயர் இருக்கிறதோ, அவர்களில் வயதில் மூத்தவர் முதலில்.

மகாமகம் ஆளும் தேதியும் சேர்ந்தது. பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு முறை. 2016 பிப்ரவரியில் நடந்தது, அடுத்தது 2028. அம்மா இல்லையே என்று அந்த வரியை அடித்துவிடாதீர்கள், அதை மாற்றி எழுதுங்கள். அம்மாவோடு பிறந்த சித்தியோ மாமாவோ யாராவது இருந்தால் அவரைக் கூட்டிப் போகலாம். அப்படி யாரும் இல்லையென்றால் மகளைக் கூட்டிப் போய், உங்கள் அம்மா அந்தக் குளத்தைப் பற்றிச் சொன்னதை அந்தப் படிக்கட்டில் நின்று சொல்லலாம். மருத்துவராக ஒரு வார்த்தை: திருவிழா பத்து நாள் நடக்கும். தீர்த்தவாரி அன்று கூட்டம் நெரியும். 65 வயதில், முட்டி வலியோடு, அந்த நாளில்தான் இறங்குவேன் என்று பிடிவாதம் வேண்டாம். முந்தைய நாள்களில் ஒரு விடியற்காலையில் போங்கள்.

குறிஞ்சியும் அதே பன்னிரண்டு வருடக் கணக்குதான். 2006, 2018 என்று பூத்தது. மூணாறு பக்கம் 2018-ல் போக நினைத்த பலருக்கு, அந்த ஆகஸ்டு வெள்ளத்தால் போக முடியாமல் போனது. அடுத்தது 2030. உங்களுக்கு 67 வயது இருக்கும். கொடைக்கானல் மலையில் சாலையிலிருந்து சரிவைப் பார்க்கலாம் என்றாலும், கொஞ்சம் ஏறி இறங்கினால்தான் பூவின் பக்கத்தில் நிற்க முடியும். ஆக அது காலைக் கேட்கிற ஆசையும்கூட. அறுபடை வீடும், இராமேஸ்வரம் – காசியும் உங்கள் பட்டியலில் இருந்தால், அறநிலையத் துறை மூத்தவர்களை அழைத்துப் போகும் பயணங்களுக்கும் வயது 60-லிருந்து 70 வரைதான் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

காலைப் பற்றிச் சொன்னேன். அதற்கு ஒரு சின்னக் கணக்கு தருகிறேன், உங்களுக்குப் பிடிக்கும். கைப்பிடி இல்லாத நாற்காலி ஒன்றைச் சுவரில் ஒட்டிப் போடுங்கள். உட்கார்ந்து, இரண்டு கையையும் மார்பில் குறுக்காகக் கட்டிக்கொள்ளுங்கள். கையை ஊன்றாமல் முழுதாக எழுந்து, முழுதாக உட்கார வேண்டும். 30 வினாடியில் எத்தனை முறை? கணவரைப் பக்கத்தில் நின்று எண்ணச் சொல்லுங்கள். உங்கள் வயதுப் பெண்ணுக்கு 12-க்குக் குறைந்தால் தொடையில் பலம் போதாது, விழுகிற ஆபத்தும் அதிகம் என்று அர்த்தம். வலி வந்தால் நிறுத்திவிட வேண்டும். வந்த எண்ணைப் பட்டியலின் மேலே, தேதிக்குப் பக்கத்தில் எழுதுங்கள். ஒவ்வொரு வருடமும் எழுதுங்கள். குறைந்தால் பிசியோதெரபிஸ்டிடம் போய்ப் பயிற்சி கற்றுக்கொள்ளுங்கள். அறுபதிலும் எழுபதிலும்கூட, சொல்லிக்கொடுத்தபடி செய்தால் தசை பலம் கூடும். நான் தினமும் பார்க்கிறேன். 2030-ல் குறிஞ்சி பார்ப்பதற்கான வேலை, உங்கள் வீட்டு நாற்காலியில் இந்த மாதமே தொடங்க வேண்டியது.

வீணையைப் பற்றி இரண்டு வார்த்தை. அது இரண்டு வருடமாகத் தொடாமல் இருப்பதற்குச் சோம்பல் காரணமாக இருக்காது என்று நினைக்கிறேன். நீண்ட நாள் சும்மா கிடந்த வீணையில், தந்திக்கு அடியில் இருக்கும் மெட்டுக் கம்பிகளைப் பிடித்திருக்கும் மெழுகு காய்ந்து வெடித்திருக்கும். 24 மெட்டும் தளர்ந்த வீணையில் யார் வாசித்தாலும் அபஸ்வரம்தான் வரும். கொண்டுவந்த அன்று ஒரு தடவை மீட்டிப் பார்த்திருப்பீர்கள், காதுக்கு நாராசமாக இருந்திருக்கும், தன் கைதான் போய்விட்டது என்று மூடி வைத்திருப்பீர்கள். முதலில் தஞ்சாவூரிலோ உங்கள் ஊரிலோ வீணை செய்கிறவரிடம் கொடுத்து மேளம் கட்டி (அதாவது மெட்டுகளை மெழுகில் மறுபடி பதித்து), தந்தி மாற்றி வாங்குங்கள். சம்மணம் போட முட்டி ஒத்துழைக்காது. நாற்காலியில் உட்கார்ந்து, எதிரே தாழ்வான பெஞ்சில் வீணையை வைத்து வாசிக்கலாம். தினம் கால் மணி நேரத்துக்கு மேல் முதல் மாதம் வேண்டாம், விரல் நுனி புண்ணாகிவிடும். பட்டியலில் ‘வீணை’ என்று ஒற்றைச் சொல்லாக இருந்தால் அது பயமுறுத்தும். ‘சரளி வரிசை, பிறகு ஒரு கீதம்’ என்று மாற்றுங்கள்.

கணவர், “இனிமே எதுக்கு இதெல்லாம்” என்றாரே, அதை நான் மறுப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஓய்வு பெற்ற ஆண்கள் பலர் எனக்கு முன்னால் உட்கார்ந்து அதே வார்த்தையைச் சொல்லியிருக்கிறார்கள். கொஞ்சம் தோண்டினால், ‘அதில் நான் எங்கே இருக்கிறேன்’ என்ற கேள்வி அடியில் இருக்கும். டைரியைக் கையில் கொடுத்து நீங்களும் எழுதுங்கள் என்று சொன்னால் நடக்காது. சாயங்காலம் நடக்கப் போகும்போது, முகத்துக்கு நேரே பார்க்காமல், சின்னதாக ஒன்று கேளுங்கள். உங்க அப்பா வீட்டில் சாப்பிட்டதில் எது இப்போ கிடைக்கவே இல்லை? எந்த ஊர் ஸ்கூலில் உங்களுக்கு நல்ல நாள்? இரண்டு மூன்று பதில் வந்ததும் நீங்களே மனதில் குறித்துக்கொள்ளுங்கள். அவருடைய பட்டியல் மூன்று வரியோடு நின்றால் நிற்கட்டும். உங்களுடையதில் அவர் வர விரும்புகிறதற்கு மட்டும் அவர் வரட்டும். எல்லாவற்றுக்கும் அவர் வர வேண்டும் என்று காத்திருந்தால் அடுத்த ஒன்பது வருடமும் போய்விடும்.

மகள் விஷயம் கொஞ்சம் வேறு. பேரனைப் பார்த்துக்கொள்வது உங்களுக்குச் சந்தோஷம் என்று கடிதத்தின் தொனியிலேயே தெரிகிறது. ஆனால் ஓய்வு பெற்றபிறகு லீவே இல்லாத வேலை ஒன்றில் சேர்ந்திருக்கிறீர்கள். பள்ளிக்கூடத்திலாவது தற்செயல் விடுப்பு இருந்தது. மகளிடம் ‘போகட்டுமா’ என்று கேட்டால், அவள் நல்ல பெண்ணாகவே இருந்தாலும், அந்த மாத ஆபீஸ் நெருக்கடிதான் அவள் கண்ணில் படும். இரண்டு மாதம் முன்னதாக, ‘இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை நான் ஊரில் இல்லை’ என்று சொல்லுங்கள். அவளுக்கு ஏற்பாடு செய்ய நேரம் கிடைக்கும், உங்களுக்கும் குற்ற உணர்வு இருக்காது. முதல் தடவை ஒரு வாரம் வேண்டாம், இரண்டு ராத்திரி போதும். டிக்கெட் போட்டபிறகு சொல்வது இன்னும் நல்லது. 45 வயது தாண்டிய பெண்களுக்கு ரயிலில் கீழ்ப் படுக்கைக்கான ஒதுக்கீடு இருக்கிறது, பதிவு செய்யும்போது கேட்டு வாங்குங்கள்.

பணம். கை வராததற்குக் காரணம், ஆசைக்கான பணமும் வீட்டுச் செலவும் ஒரே கணக்கில் கிடப்பதுதான் என்று தோன்றுகிறது. தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது. 60 தாண்டிய யாரும் 30 லட்சம் வரை போடலாம், ஐந்து வருடத் திட்டம், மூன்று மாதத்துக்கு ஒரு முறை வட்டி. ஓய்வுப் பணத்தில் 5 லட்சத்தைப் போட்டிருந்தால் 8.2 சதவீத வட்டிக்கு மூன்று மாதத்துக்கு 10,250 ரூபாய் வரும். வீட்டுக்கு என்று ஒரு பைசா எடுக்காத தனிக் கணக்கில் அது விழட்டும். அசல் அப்படியே பிள்ளைகளுக்கு இருக்கிறது. வட்டி உங்கள் டைரிக்கு. இந்த ஒரு பிரிவினை செய்தபிறகு கை தாராளமானவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன்.

இனி அந்த 23-வது. ‘யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது.’

டீச்சர், இது பயம். ஆசைகளோடு வரிசையில் வந்து நின்றுவிட்டது. உங்கள் வயதில் பட்டியல் போடும் கிட்டத்தட்ட எல்லோரும் இந்த வரியை எழுதுகிறார்கள், அதுவும் கடைசியில் எழுதுகிறார்கள். இதற்கு டிக் போடவே முடியாது. யாருக்கும் பாரமாக இல்லாமல் யாரும் பிறக்கவில்லை, பேரனை இடுப்பில் வைத்திருக்கும் உங்களுக்கு அது தெரியும். ஆனால் இந்தப் பயத்தைப் பிரித்தால் செய்யக்கூடிய காரியங்கள் கிடைக்கும். அவற்றை எழுதுங்கள், ஒவ்வொன்றாக முடியுங்கள்.

முதலாவது உயில். வெள்ளைத்தாளில் எழுதினாலும் செல்லும். நீங்கள் கையெழுத்துப் போட, இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். பதிவு கட்டாயமில்லை, ஆனால் பதிவு செய்தால் பின்னால் சண்டை குறையும். எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம், கடைசியாக எழுதியதுதான் செல்லும். வீட்டை இப்போதே செட்டில்மென்ட் பத்திரம் போட்டு எழுதிக் கொடுத்துவிடலாமா என்று யாராவது கேட்டால் என் கருத்து வேண்டாம் என்பதுதான். இருக்கும் வரை வீடு உங்கள் பெயரிலேயே இருக்கட்டும், உயில் போதும். கொடுத்தே ஆக வேண்டும் என்றால், ‘கடைசி வரை பராமரிக்க வேண்டும்’ என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில், அந்த நிபந்தனை மீறப்பட்டால் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்துக்குப் போய்ப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்க வழி இருக்கிறது. நல்ல பிள்ளைகளுக்கும் இது பாதுகாப்புதான்.

இரண்டாவது, ‘லிவிங் வில்’ என்கிறார்களே, அது. திரும்ப வழியே இல்லை என்று மருத்துவர்கள் குழு முடிவு செய்த நிலையில், வென்டிலேட்டர் போன்றவற்றில் என்னை வைத்துக்கொண்டிருக்க வேண்டுமா வேண்டாமா என்று நினைவோடு இருக்கும்போதே எழுதி வைப்பது. 2018-ல் உச்ச நீதிமன்றம் இதை ஏற்றுக்கொண்டது. 2023-ல் நடைமுறையை எளிதாக்கியது: இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்துப் போட்டு, நோட்டரியிடமோ கெசட்டட் அதிகாரியிடமோ சான்று பெற்றால் போதும். உங்கள் சார்பில் முடிவு சொல்ல வேண்டியவர் பெயரையும் அதில் எழுத வேண்டும். ஐ.சி.யூ. வாசலில் நள்ளிரவில் பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ‘அம்மா என்ன நினைப்பாங்க’ என்று தெரியாமல் எடுக்கிற முடிவு, எப்படி எடுத்தாலும், பல வருடம் அவர்களை விடாது. நீங்கள் பயப்படும் பாரத்தில் பெரிய பங்கு அதுதான். ஒரு தாளில் அதை இறக்கி வைக்க முடியும். எழுதிய பிறகு மகளை உட்கார வைத்து வாய்விட்டும் சொல்லுங்கள், பீரோவுக்குள் பூட்டி வைத்தால் பிரயோஜனமில்லை.

மூன்றாவது சின்னது: ஒரு நோட்டில் பேங்க், தபால் ஆபீஸ் கணக்குகள், நாமினி, பென்ஷன் எண், மாத்திரைகளின் பெயர், எது ஒத்துக்கொள்ளாது, கண் தானம் செய்ய விருப்பமா என்பது. கண்ணை ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும், அதனால் வீட்டில் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

இந்த மூன்றும் முடிந்தபிறகு 23-வது வரியைத் திரும்பப் படித்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் மனது பாரமாகவே இருந்தால், தூக்கம் கெட்டால், எதிலும் பிடிப்பில்லாமல் போனால் எனக்கோ பக்கத்தில் ஒரு மனநல மருத்துவருக்கோ சொல்லுங்கள். அம்மா போன துக்கம் சில சமயம் பல வருடம் கழித்துத்தான் வெளியே வரும்.

புதுப் பட்டியலைப் பழைய டைரியின் அடுத்த பக்கத்திலேயே தொடங்குங்கள். உயிரோடு இருக்கும் வரிகள் பத்துக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு போகிக்கும் எடுத்துப் பாருங்கள், வீடு ஒழிக்கிற நாள் அதற்குப் பொருத்தம். ஒவ்வொரு வருடமும் வேறு நிற மையில் எழுதுங்கள், எந்த ஆசை எப்போது வந்தது என்று பின்னால் புரியும். நடந்தது, விட்டேன், மாறியது என்ற மூன்று குறிப்பு போதும். நடுவில் ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தாலோ, வீடு மாறினாலோ, நெருங்கியவர் ஒருவர் இறந்தாலோ போகி வரை காத்திருக்காமல் எடுத்துப் பாருங்கள். ஆனால் இறப்பு நடந்த முதல் மாதத்தில் எதையும் அடிக்காதீர்கள். அந்த நேரத்தில் எல்லாமே அர்த்தமில்லாமல்தான் தெரியும்.

ஸ்கூட்டருக்கு வருகிறேன். வேண்டாம் என்று சொல்வேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். முதலில் எலும்பு அடர்த்திப் பரிசோதனை, பிறகு கண்புரை இருக்கிறதா என்று கண் மருத்துவரிடம் ஒரு பார்வை, அந்த நாற்காலிக் கணக்கில் 12. மூன்றும் சரியாக இருந்தால் கற்றுக்கொள்ளுங்கள். கியர் இல்லாத வண்டி, காலை ஆறு மணிக்கு ஆள் இல்லாத மைதானம், ஹெல்மெட். 40 வயதுக்கு மேல் லைசென்ஸுக்கு விண்ணப்பித்தால் மருத்துவச் சான்று கேட்பார்கள், எப்படியும் அந்தப் பரிசோதனைகள் தேவைப்படும். எலும்பு பலவீனம் என்று வந்தால் மட்டும் மறு பேச்சில்லாமல் விட்டுவிட வேண்டும், இடுப்பெலும்பு முறிவு சாதாரண விஷயம் இல்லை.

ஆனால் இதெல்லாம் அப்புறம். பாளையங்கோட்டைத் தோழியைப் பற்றி ஒரு வரிக்கு மேல் நீங்கள் எழுதவில்லை, போன் நம்பர் இருக்கிறதா என்றும் தெரியவில்லை. இருந்தால் இந்தப் பத்தியைப் படித்து முடித்ததும் கூப்பிடுங்கள். இல்லாவிட்டால் தெருப் பெயரும், அவருடைய அப்பா பெயரும், வீட்டுக்குப் பக்கத்தில் என்ன இருந்தது என்பதும் நினைவிருக்கும். தபால் ஆபீஸில் ஐம்பது காசு அஞ்சலட்டை இன்னும் கிடைக்கிறது. நாலு வரி எழுதி, உங்கள் நம்பரைக் கீழே போட்டு, நாளைக் காலையில் தபால் எடுப்பதற்கு முன்னால் பெட்டியில் போட்டுவிடுங்கள்.